நர்ஸம்மா சொல்லியனுப்பிய அஞ்சு சங்கதி

நூறு நாள் ஏரி வேலையில் நிழலுக்கு ஒதுங்கி உட்காரும்போது நீங்கள் எல்லாரும் பேசுவீர்கள், நான் தலையை ஆட்டுவேன். இத்தனை வருஷமாக அதுதான் பழக்கம். போன வாரம் கிழக்குத் தெரு மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் சிவப்பு மருந்து ஏற்றுகிறார்கள் என்று பேச்சு வந்தது. "மூத்திரமே ரத்தமாப் போவுதாம்டி, இனிமே அவ்ளோதான்" என்று ஒருத்தி சொன்னாள். நீங்கள் எல்லாரும் ஐயோ பாவம் என்றீர்கள். அது ரத்தம் இல்லை, மருந்தோட கலர், ரெண்டு நாளில் தெளிந்துவிடும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பேர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

வாயால் வராதது கையாலாவது வருகிறதா என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். அஞ்சாங் கிளாஸோடு நின்றவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மருந்து விஷயத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது இது முதல் தடவை இல்லை. ஒன்பது வயதில் ஒரு தடவை மூடிக்கொண்டிருந்தேன். அந்தத் தடவை எங்கள் அத்தையின் உயிர் போகப் பார்த்தது.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. பாகூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த இடம். அந்த வருஷம் பொங்கல் கழிந்து, கரும்பு வெட்டு நடக்கிற நாளில், ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு கூடைக் கத்தரிக்காயுமாக எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். கழுத்தில் ரெண்டு பக்கமும் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. டவுன் பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்றை வெட்டி எடுத்துப் பரிசோதனை பண்ணி, ரத்தத்தில் வருகிற ஒரு வகைப் புற்று, மூணு வாரத்துக்கு ஒரு தடவை ஊசி, மொத்தம் ஆறு தடவை என்று சொல்லிவிட்டார்களாம். எங்கள் ஊர் வில்லியனூர் பஸ் ரோட்டுக்குப் பக்கம். பாகூரிலிருந்து போய் வருவதைவிட இது சௌகரியம். மாமா மாட்டையும் கரும்பையும் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். அவருக்கு அது இன்னும் சௌகரியம் என்று அம்மா சொன்னாள்.

அத்தைக்கு ரெண்டு விஷயத்தில் பெருமை. ஒன்று முடி. பின்னிப் போட்டால் முழங்காலைத் தொடும். உட்காரும்போது சடையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டுதான் உட்காருவாள், குழந்தையைப் போட்டுக்கொள்கிற மாதிரி. இன்னொன்று வாய். எனக்கு வாய் இல்லாததைப் பார்த்து அவளுக்குப் பொறுக்கவே பொறுக்காது.

"இன்னாடா தம்பி, உன் பொண்ணு பேசுமா, இல்ல கோயில்ல நிக்கிற செலையைத் தூக்கியாந்து பாவாடை கட்டி வுட்டிருக்கியா?" என்று வந்த அன்றைக்கே அப்பாவைக் கேட்டாள்.

முதல் ஊசிக்கு அப்பா, அத்தை, நான் மூணு பேரும் போனோம். நான் எதற்கென்றால் வெந்நீர்ச் செம்பைப் பிடித்துக்கொள்ள. அப்போதெல்லாம் மூலக்குளம் தாண்டும் வரைக்கும் ரெண்டு பக்கமும் வயல்தான், காற்று முகத்தில் அடிக்கும். அப்படியும் எனக்கு பஸ்ஸில் வாந்தி வந்துவிட்டது. "வாந்தி எனக்குத்தான்டா வரும்னு சொன்னாங்க. இவ முந்திக்கினா" என்று அத்தை பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். கண்டக்டர் சிரித்தார். நான் செம்புக்குள் தலையை விட்டுக்கொள்ளலாமா என்று பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் அந்த மருந்தை மூணு பேரும் எட்டி எட்டிப் பார்த்தோம். அப்படி ஒரு சிவப்பு. திருவிழாக் கடையில் ஐஸ் மேல் ஊற்றுகிற சர்பத்து மாதிரி. கண்ணாடி ஊசிக்குழல் நிறைய அதை எடுத்துக்கொண்டு, ஏறுகிற சலைன் டியூபில் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினார் நர்ஸம்மா. அப்பாவுக்கு ரத்தம் பார்த்தால் ஆகாது. இது ரத்தம் இல்லை என்று தெரிந்தும், "தோ, ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே போய்விட்டார். வாந்தி வராமல் இருக்கப் போட்ட மருந்தில் அத்தை தூங்கிப்போனாள்.

மிச்சம் இருந்தது நான்தான். நர்ஸம்மா என்னைப் பார்த்தார்.

"படிக்கத் தெரியுமா?"

"நாலாங் கிளாஸ்."

"அப்ப நல்லாக் கேளு. வூட்டுல போய் ஒண்ணு விடாம சொல்லணும்."

ஒரு சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டே சொன்னார். அஞ்சு சங்கதி. ஒன்று, மூத்திரம் ரெண்டு நாளைக்குச் சிவப்பாகப் போகும், அது மருந்துச் சாயம், பயப்படக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். ரெண்டு, கூடக் கொடுக்கிற வெள்ளை மாத்திரை பசியைக் கிளப்பும், முகம் ஊதும். மூணு, தலைமுடி கொட்டும். நாலு, வாய் வெந்துபோகும், உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். அஞ்சாவதை எழுதும்போது மட்டும் பேனாவை அழுத்தி அடியில் ரெண்டு கோடு போட்டார்.

"ஜுரம் வந்தா அன்னைக்கே, அந்த மணியே கூட்டியாரணும். இந்த மருந்து கட்டியை அடிக்கும். கூடவே ஒடம்புக்குக் காவல் இருக்குதே ரத்தம், அதையும் அடிச்சிடும். ஊசி போட்டு ஒரு வாரம், பத்து நாள்ல காவலே இருக்காது. அந்த நேரம் ஜுரம் வந்தா வெளயாட்டு இல்ல. புரியுதா?"

புரியுது என்று தலையை ஆட்டினேன். அந்த நர்ஸம்மா நல்லவர். ஆனால் இப்போது நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. வீட்டில் பெரியவர்கள் மூணு பேர் இருக்க, ஊரிலேயே வாய் செத்த பெண்ணாகப் பார்த்து இந்த வேலையைக் கொடுத்தார்.

சீட்டை அப்பாவிடம் கொடுத்தேன். எழுதிய பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும், ஆஸ்பத்திரிக் காகிதம் வீட்டுக்குள் ஆகாது என்று மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகினார். அன்றைக்குச் சாயங்காலமே கன்றுக்குட்டி எட்டி இழுத்துத் தின்றுவிட்டது. நான் போகும்போது கோடு போட்ட ஓரம் மட்டும் அதன் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் உள்ளே இழுத்துக்கொண்டது. ஆக, அந்த வீட்டில் அஞ்சு சங்கதியும் தெரிந்தது ரெண்டு பேருக்கு. ரெண்டும் வாயைத் திறக்கிற ஜாதி இல்லை.

அன்றைக்கே முதல் சங்கதி நடந்தது. தோட்டத்துப் பக்கம் போன அத்தை அங்கிருந்தே கத்தினாள். "ஐயோ, தம்பி பொண்டாட்டி! ஓடியாடி! செவப்பாப் போவுதுடி!"

அம்மா ஓடினாள். பின்னாலேயே எதிர்வீட்டுக்காரி, நாங்கள் கூப்பிடாமலே. வேலிக்கு அந்தப் பக்கம் மூணு பேருக்கும் பெரிய யோசனை.

"சூடு அண்ணி. பஸ்ஸுல இஞ்சின் மேல குந்தினீங்க இல்ல, அந்தச் சூடு" என்றாள் அம்மா.

"பீட்ரூட்டு துன்னாக்கூட இப்பிடிப் போவும்" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"பீட்ரூட்டை நான் கண்ணால பாத்து வருசம் ஆவுது. இன்னாடி இது, அம்பது வயசுல மறுபடியும் சடங்கு சுத்த வைக்கப் போறீங்களா என்னை?" என்றாள் அத்தை. பயத்திலும் அவளுக்கு வாய் ஓயாது.

நான் முருங்கை மரத்தடியில் நின்று "அம்மா" என்றேன். "பெரிய மனுசிங்க பேசற எடத்துல உனக்கு இன்னாடி வேலை? போ உள்ள" என்றாள் அம்மா. போய்விட்டேன். அவ்வளவுதான் என் தைரியம்.

அம்மா வெந்தயத்தை ஊறவைத்து, மோரில் அரைத்துக் கலந்து, பொழுதுக்கும் குடிக்க வைத்தாள். ரெண்டாம் நாள் தெளிந்துவிட்டது. தெளியாமல் என்ன செய்யும்? ஆனால் பேர் வெந்தயத்துக்குப் போனது. "பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்குத் தெரியாதது எனக்குத் தெரிஞ்சிது பாரு" என்று அம்மா தெருவில் நாலு பேரிடம் சொன்னாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் டாக்டர் அம்மாதான்.

அடுத்த சங்கதி பசி. அத்தை காலையில் ஒன்பது இட்லி சாப்பிடுவாள். பத்து மணிக்குப் பழைய சோறு. பதினோரு மணிக்கு அடுப்பங்கரைப் பக்கம் வந்து, "இன்னா கொழம்பு வாசனை வருது?" என்பாள். அம்மா அப்போதுதான் புளியே கரைத்துக்கொண்டிருப்பாள். நல்லவாட்டுக் குப்பத்திலிருந்து வருகிற மீன்காரம்மா கூடையை இறக்குவதற்குள் அத்தை தட்டோடு வாசலில் நிற்பாள். கன்னம் ரெண்டும் பூரி மாதிரி உப்பி, கண் உள்ளே போய்விட்டது. எதிர்வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு அம்மாவிடம் மெதுவாக, ஆனால் அத்தைக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"சீக்குக்காரின்னு சொன்ன? தாய் வூட்டுக்கு வந்து பிரசவம் ஆனவ மாதிரி இல்ல தேறி நிக்கறா?"

அத்தை விடுவாளா? "ஆமாம்மா. நீயும் ஒரு ஊசி போட்டுக்க. காத்துல ஆடற புடவை மாதிரி இருக்கியே, கொஞ்சம் சதை வெக்கும்."

இதெல்லாம் பரவாயில்லை. மூணாவது சங்கதிதான் வீட்டை ரெண்டாக்கியது. பதினேழாம் நாளோ பதினெட்டாம் நாளோ, அத்தை தலை முழுகிவிட்டு வந்து உட்கார்ந்து சீப்பைப் போட்டாள். சீப்போடு முடி வந்தது. கையோடு வந்தது. ஒரு சத்தமும் இல்லாமல், தேங்காய் நார் உரிகிற மாதிரி, கொத்துக் கொத்தாக. அத்தை முதலில் ஒன்றும் பேசவில்லை. பேசாத அத்தையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தாள்.

"சீயக்கா யாரு அரைச்சது?"

"நான்தான் அண்ணி."

"அதுல இன்னா கலந்த?"

அப்புறம் நடந்த சண்டையை எழுத என் நோட்டு போதாது. கல்யாணமான நாளிலிருந்து அந்த முடி மேல் உனக்குக் கண்ணு என்றாள் அத்தை. ஒன்பது இட்லி போட்ட கைக்கு இதுதான் பேச்சா என்றாள் அம்மா. அம்மா கற்பூரத்தை ஏற்றி அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணினாள். "கற்பூரமே மட்டக் கற்பூரம். அதுல பண்ற சத்தியத்தை யாரு நம்புவா" என்றாள் அத்தை. அப்பா நடுவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரசத்திலிருந்து முழ நீளத்துக்கு ஒரு முடியை இழுத்து, யாரையும் பார்க்காமல் இலை ஓரம் வைத்துவிட்டு, கை கழுவி, கரும்புக் கொல்லைக்குப் போனவர் பொழுது சாயத்தான் வந்தார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அந்தச் சண்டை நின்றிருக்கும். ஆனால் சொன்னால், இதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று ரெண்டு பேரும் சேர்ந்து என் மேல் பாய்வார்கள். ஒவ்வொரு நாள் தள்ளத் தள்ள, சொல்லாத குற்றம் வட்டி போட்டு வளர்ந்தது. என்னைப் போன்ற பேசாதவர்களுக்கு இது தெரியும். பேசுகிறவர்களுக்குப் புரியாது.

நாலு நாளில் தலை அங்கங்கே திட்டுத் திட்டாகிவிட்டது. ஊர் அம்பட்டரைக் கூப்பிட்டு மழித்துவிட்டார்கள். அத்தை கண்ணாடி கேட்டாள். பார்த்தாள். "இன்னாடா தம்பி, இது நம்ப நைனா மூஞ்சி" என்றாள். அப்பா உள்ளே வந்தார், மொட்டைத் தலையோடு முகம் உப்பி உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார், "நைனா" என்று கத்தி அப்படியே காலில் விழுந்துவிட்டார். செத்துப் பத்து வருஷம் ஆன தாத்தா. அத்தையும் சும்மா இல்லை. தலையில் கை வைத்து, ஆம்பிளைக் குரலில், "போடா, போயி மடையைத் திருப்பு" என்றாள். அழுதுகொண்டிருந்த அம்மாகூடச் சிரித்துவிட்டாள். சண்டை அன்றோடு தீர்ந்தது. ஆனால் சீயக்காயை மட்டும் அத்தை தொடவில்லை. தொட வேண்டிய அவசியமும் இல்லை.

ரெண்டாவது ஊசிக்குப் போனபோது நர்ஸம்மா அத்தையின் மொட்டையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "வூட்டுல எல்லாம் சொன்னியா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை. தலைதான் சொன்னது. நல்ல பொண்ணு என்று கன்னத்தைத் தட்டினார். அந்த இடம் ரெண்டு நாளைக்கு எரிகிற மாதிரியே இருந்தது.

அந்த ஊசி போட்டுப் பதினோராம் நாள் காலையில் அத்தை இட்லி வேண்டாம் என்றாள். வாய் முழுக்கப் புண். உதடு வெடித்திருந்தது. அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், கையை எடுத்துவிட்டாள். கொதிக்கிறது. முதுகில் பார்த்தால், சித்திரை வெயிலுக்கு வந்த வேர்க்குரு நாலைந்து, கொஞ்சம் பெரிதாக. அம்மா ரெண்டடி பின்னால் நகர்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தாயே! ஆத்தா வந்திருக்கா."

ஜுரம், வாய்ப் புண், முதுகில் முத்து. அம்மாவுக்கு அது அம்மை. அவளைத் தப்பு சொல்ல மாட்டேன். அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது கூடப் பிறந்த தம்பியை அம்மை கொண்டுபோயிருக்கிறது. அவனை வண்டியில் ஏற்றி வைத்தியரிடம் கொண்டுபோனதால்தான் ஆத்தாளுக்குக் கோபம் வந்து எடுத்துக்கொண்டாள் என்று அவளுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அதனால் அரை மணியில் வீடு மாறிவிட்டது. வாசலில் வேப்பிலை. அடுப்பில் தாளிப்பு கிடையாது. எதிர்வீட்டுக்காரி முதல் தடவையாக உள்ளே வராமல் தெருவிலேயே நின்று கும்பிட்டாள். அம்மை இறங்கித் தலைக்கு மூணு தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது, பஸ் ஏறக் கூடாது, ஆஸ்பத்திரி என்ற பேச்சே எடுக்கக் கூடாது.

அப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை. "எதுக்கும் ஆஸ்பத்திரியில ஒரு வார்த்தை..." என்று இழுத்தார்.

"ஆத்தாளை பஸ்ஸுல ஏத்திக்கினு போவியா? டிக்கெட் எடுப்பியா அதுக்கு?" என்றாள் அம்மா.

அத்தை பாயில் சுருண்டு கிடந்தபடி, "வுடுடா. எனக்கும் ஊசி அலுத்துப்போச்சி" என்றாள். ஆத்தாளே வந்து தன்னை ஊசியிலிருந்து காப்பாற்றியதாக நினைத்தாளோ என்னவோ, குரலில் ஒரு நிம்மதி.

அடியில் ரெண்டு கோடு போட்ட சங்கதி. அந்த மணியே, என்றார் நர்ஸம்மா. அந்த மணி போய் அடுத்த மணியும் போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் அப்பா ஒரு வழி சொன்னார். "ஆத்தாளையே கேட்டுடுவோம். பூப் போட்டுப் பாப்போம்." அம்மாவால் மறுக்க முடியவில்லை. நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்புப் பூவை ஒரு பொட்டலம் கட்டிப் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். சிவப்பு வந்தால் ஆத்தா உத்தரவு, வீட்டிலேயே கிடக்க வேண்டும்.

மாரியம்மன் கோயில் பூசாரி வந்தார். நடுவீட்டில் செம்பு வைத்து, வேப்பிலை செருகி, விளக்கேற்றினார். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது, கையும் நடுங்கும். நான் வேலியிலிருந்து பறித்து வந்த வெள்ளரளியையும் செவ்வரளியையும் தடவிப் பார்த்துவிட்டு, வாழையிலைத் துண்டு ரெண்டை என்னிடம் நீட்டினார்.

"நீயே மடிச்சிக் கட்டு கண்ணு. சின்னப் புள்ள கை, சுத்தமான கை."

அந்தச் சுத்தமான கையோடு தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். செம்பைப் பார்த்து மனசுக்குள் சொன்னேன்: ஆத்தா, உனக்குக் கோபம் வேண்டாம். நீ இங்கே வரவே இல்லை என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். இவர்களுக்குத்தான் தெரியாது. நீ சொல்ல மாட்டேன் என்கிறாய், எனக்குச் சொல்ல வராது. அதனால் இந்த ஒரு தடவை மட்டும்.

ரெண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவையே வைத்துக் கட்டினேன். சிவப்புப் பூவைப் பாவாடை நாடாவில் செருகிக்கொண்டேன்.

பூசாரி பொட்டலங்களை உருட்டிப் போட்டார். நான் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பிரித்தார். "வெள்ளை!" என்றார் அப்பா, பூசாரிக்கு முன்னால். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அப்போதே கிளம்பத் தயாராகிவிட்டார்.

அம்மா நகரவில்லை. "அந்த இன்னொண்ணையும் பிரிங்க."

"எதுக்கும்மா? உத்தரவுதான் ஆயிடுச்சே."

"போன வருசம் பசு மாட்டை விக்கலாமான்னு பூ கேட்டப்ப, கண்ணு தெரியாம ரெண்டுலயும் ஒரே பூவைக் கட்டிப் போட்டீங்க. அந்த மாட்டை வித்துட்டு இன்னிக்கும் நான் வயிறு எரியறேன். பிரிங்க."

அம்மாவே எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

"இன்னா பூசாரி இது?"

"நான் கட்டலம்மா" என்றார் பூசாரி. "உம் பொண்ணுதான் கட்டிச்சி."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். பாயிலிருந்து அத்தைகூடத் தலையைத் தூக்கினாள். நான் எழுந்து நின்றேன். நின்றதும் அந்தச் சிவப்புப் பூ நாடாவிலிருந்து நழுவி என் காலடியில் விழுந்தது. அம்மா கையை ஓங்கினாள். ஆத்தா பேரில் விளையாடிய பெண்ணை அடிப்பதா, ஆத்தா முன்னால் அடிக்கலாமா என்று தெரியாமல் கை மேலேயே நின்றது.

அப்போது எனக்கு வாய் திறந்தது. எப்படித் திறந்தது என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்ல எழுப்பிவிட்டால் எப்படி நிற்போமோ அப்படிக் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அதே ராகத்தில் சொன்னேன்:

"ஒண்ணு, மூத்திரம் ரெண்டு நாளு செவப்பாப் போவும், மருந்துச் சாயம், பயப்படக் கூடாது. ரெண்டு, மாத்திரையால பசி எடுக்கும், மூஞ்சி ஊதும். மூணு, தலமுடி கொட்டும். நாலு, வாய் வெந்துபூடும், உப்புத் தண்ணி கொப்பளிக்கணும். அஞ்சு, ஜுரம் வந்தா அந்த மணியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாரணும், ஒடம்புல காவல் இருக்காது, வெளயாட்டு இல்ல. நர்ஸம்மா சொன்னாங்க. எழுதியும் குடுத்தாங்க. கன்னுக்குட்டி தின்னுடுச்சி."

அம்மா ஓங்கிய கையோடு ஒரு அடி கிட்டே வந்தாள்.

"மூத்திரம் செவப்பாப் போவும்னு தெரியுமா உனக்கு?" என்றாள் அம்மா. அவளுக்கு வெந்தயம் போன துக்கம்.

"தெரியும்."

"முடி கொட்டும்னு?" என்றது பாயிலிருந்து ஒரு குரல்.

"தெரியும் அத்தை."

"சீயக்கா சண்டைக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னாலயே."

"அடிப் பாவி" என்றாள் அத்தை. அவ்வளவு ஜுரத்திலும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "கற்பூரம் அடிச்சி அணைக்கிற வரைக்கும் வேடிக்கை பாத்துக்கினா நின்ன?"

அப்பா மட்டும் முதல் நாலு சங்கதியைக் கேட்கவே இல்லை. "அந்த மணியேன்னா சொன்னாங்க?" என்றார். "காலையில ஏழு மணிக்கு ஜுரம். இப்ப மணி ரெண்டு." அம்மாவைப் பார்த்தார். அம்மா ஓங்கிய கையை இறக்கினாள். அவள் செம்பைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்போது இருந்தது கோபம் இல்லை, பயம் என்று இப்போது தெரிகிறது. ஒரு தடவை வண்டியில் ஏற்றி ஒரு உயிர் போன வீட்டில் பிறந்தவளிடம், மறுபடியும் வண்டி ஏற்று என்கிறார்கள்.

பூசாரிதான் அதைத் தீர்த்தார். கீழே தடவி அந்தச் சிவப்புப் பூவை எடுத்துச் செம்பில் வைத்தார். "அஞ்சு வருசமா இந்தப் பொண்ணு பேசி நான் கேட்டதில்ல. இன்னிக்கி ஆத்தா செம்புக்கு முன்னாடி வாய் தொறந்திருக்கு. இதுக்கு மேல ஒரு உத்தரவு வேணுமா? கெளம்புங்கம்மா. கோவம் வந்தா எம் மேல வரட்டும். எனக்கு என்ன, அரைக் கண்ணுதான் மிச்சம்."

அம்மா வாசல் வேப்பிலையில் ஒரு கொத்தை ஒடித்து அத்தை இடுப்பில் செருகினாள். பிறகு தானே கைத்தாங்கலாகத் தூக்கினாள். கரும்பு ஏற்ற நின்ற டிராக்டரில் வைக்கோலைப் பரப்பி அத்தையைப் படுக்க வைத்தார்கள். அவள் தலை என் மடியில். சூடு பாவாடையைத் தாண்டித் தொடையில் பட்டது. டிராக்டர் குலுங்கியது. பாதி வழியில் கண்ணைத் திறந்தாள்.

"குட்டி. இன்னும் எதனா மறைச்சி வெச்சிருக்கியா?"

"இல்ல அத்தை."

"நான் பொழைப்பனான்னு நர்ஸு எதனா சொல்லிச்சா?"

"அதைச் சொல்லல."

"சத்தியமா?"

"சத்தியமா சொல்லல அத்தை." எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுவாத. கெட்டதுன்னா அந்த நர்ஸு அதையும் நம்பர் போட்டு எழுதியிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் எங்களை வரிசையில் நிற்கவே விடவில்லை. ஜுரம் என்றதும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ரத்தம் பார்த்துவிட்டு டாக்டர் அப்பாவிடம், நாளைக்குக் கொண்டுவந்திருந்தால் கொண்டே வந்திருக்க வேண்டாம் என்றாராம். தனி அறை, பாட்டில் பாட்டிலாக மருந்து. அஞ்சாம் நாள் ஜுரம் இறங்கியது. அன்றைக்கு அத்தை முதலில் கேட்டது இட்லி. நர்ஸம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவை உட்கார வைத்து, அஞ்சு சங்கதியையும் அவர் வாயாலேயே இன்னொரு தடவை சொன்னார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெந்தயம் தரலாமா என்று மட்டும் கேட்டாள். தாராளமாக என்றார். அம்மாவுக்குப் போன மானம் கொஞ்சம் திரும்பியது.

மிச்சம் இருந்த நாலு ஊசியையும் அத்தை போட்டுக்கொண்டாள். கழுத்துக் கட்டி கரைந்தது. கார்த்திகை வாக்கில் தலையில் பூனை மயிர் மாதிரி முளைக்க ஆரம்பித்தது. தையில் விரல் நீளம் வளர்ந்து பாகூரிலிருந்து எங்களைப் பார்க்க வந்தாள். வாசலிலேயே நின்று முக்காட்டை எடுத்தாள். கோல் மாதிரி நேராகக் கிடந்த முடி போய், சுருள் சுருளாக, ஸ்பிரிங் ஸ்பிரிங்காக நின்றது. ஊரில் யார் தலையிலும் அப்படி ஒரு சுருட்டை கிடையாது.

"சுருட்டையா மொளைக்கும்னு நர்ஸு சொல்லியிருக்கும். ஆறாவது சங்கதி. சொல்லாம முழுங்கிட்ட இல்ல?" என்றாள் என்னைப் பார்த்து.

"இல்ல அத்தை. சத்தியமா சொல்லல."

அத்தை அதற்கப்புறம் முப்பது வருஷம் இருந்தாள். முப்பது வருஷமும் நம்பவில்லை.